மூணு தடவை புதைக்கப்பட்ட சிப்பாய்

இன்னைக்கு எபிசோட் ஜார்ஜ் டில்பாய்ங்கிற ஒரு சிப்பாயைப் பத்தி. 22 வயசுல போர்க்களத்துல செத்துப்போனவர். அவரோட பயணம் அதோட முடியல. உடல் மூணு நாட்டு மண்ணைப் பார்த்துச்சு.

டில்பாய் 1896-ல் அலாத்சாதாவில் பிறந்தார். மேப்ல தேடினா துருக்கியில், இஸ்மிர் பக்கத்துல, அலாச்சாத்தின்னு காட்டும். அப்போ அது ஓட்டோமான் பேரரசு. ஆனா ஊர்ல பெரும்பாலும் கிரேக்கர்கள்தான். அதாவது டில்பாய் கிரேக்கர், ஆனா கிரீஸ் நாட்டில் பிறந்தவர் இல்ல. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

சின்னப் பையனா இருக்கும்போதே அமெரிக்கா வந்துட்டார். முதல்ல நியூ ஹாம்ப்ஷயர், அப்புறம் பாஸ்டனை ஒட்டின சாமர்வில். அந்தக் காலத்துல கிரேக்கர்களுக்கு அங்க பெரிய மரியாதை எல்லாம் இல்ல. 1909-ல் சவுத் ஒமாஹாவில் ஒரு கிரேக்கர் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்னார். அந்த ஒருத்தர் செஞ்சதுக்கு ஒரு கும்பல் கிரேக்கர் குடியிருப்பையே கொளுத்தி, அத்தனை பேரையும் ஊரை விட்டு விரட்டுச்சு.

டில்பாய்க்குப் போர் புதுசு இல்ல. 1912-ல் பால்கன் போர் தொடங்கினதும், டீன் ஏஜ்லயே கடல் தாண்டிப் போய் கிரீஸுக்காகச் சண்டை போட்டார். திரும்பி வந்து 1916-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து மெக்சிகோ எல்லைக்குப் போனார். அடுத்து முதல் உலகப்போர், 103-வது காலாட்படை, பிரான்ஸ்.

1918 ஜூலை 18. பெல்லோ என்ற ஊருக்குப் பக்கத்துல ஒரு ரயில் பாதை மேடு. அதைப் பிடிச்ச பிறகு, முன்னாடி என்ன இருக்குன்னு பார்க்க டில்பாய் தன் அதிகாரியோட போறார். 100 கஜ தூரத்துல இருந்து ஒரு மெஷின் கன் சுட ஆரம்பிக்குது. மறைவே இல்லாத தண்டவாளத்தில் நின்னபடியே இவர் திருப்பிச் சுடுறார். அது அடங்கல. துப்பாக்கி முனையில கத்தியோட கோதுமை வயல் வழியா அதை நோக்கி ஓடுறார். இன்னும் 25 கஜம் இருக்கும்போது விழுந்துட்டார். வலது கால் முட்டிக்கு மேல கிட்டத்தட்ட துண்டாயிடுச்சு, உடம்பெல்லாம் குண்டு. படுத்தபடியே சுட்டு ரெண்டு பேரைக் கொன்னார், மத்தவங்க ஓடிட்டாங்க. அங்கயே அவர் உயிரும் போச்சு.

அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைச்சது. முதல்ல புதைச்சது பிரான்ஸில். பிறந்த மண்ணுலதான் மகன் இருக்கணும்னு அப்பா கேட்டதால, உடலை அலாத்சாதாவுக்குக் கொண்டு போனாங்க. அந்தப் பகுதி அப்போ கிரேக்க ராணுவத்தோட கையில இருந்துச்சு.

1922-ல் கிரேக்கப் படை தோத்து, துருக்கிப் படை உள்ளே வந்துச்சு. அந்தக் கலவரத்துல அவர் கல்லறையும் சிதைக்கப்பட்டுச்சு. செய்தி அமெரிக்காவில் கொந்தளிப்பாச்சு. அதிபர் ஹார்டிங் அரசு போர்க்கப்பல் அனுப்பி எச்சங்களை எடுத்து வந்துச்சு. துருக்கி வீரர்களே அணிவகுத்து மரியாதையோட ஒப்படைச்சாங்க. 1923-ல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மூணாவது அடக்கம்.

அதே 1923-ல் கிரீஸும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டாங்க. கிட்டத்தட்ட 12 லட்சம் கிரேக்கர்கள் அனடோலியா மண்ணை இழந்தாங்க. அலாத்சாதா கிரேக்கர்களும் இனி ஊர் திரும்ப வழியில்ல.

சரி, அமெரிக்காவுக்குப் போகலாமா? 1924-ல் அங்க புதுக் குடியேற்றச் சட்டம் வந்துச்சு. கிரீஸுக்கு ஒதுக்கினது வருஷத்துக்கு 100 பேர். அதுவும் பிறந்த நாட்டை வெச்சுத்தான் கணக்கு. டில்பாய் ஊர்க்காரங்க துருக்கி கணக்குல வருவாங்க. அதுலயும் 100 பேர்தான்.

செத்த டில்பாயைக் கொண்டுவர போர்க்கப்பல் அனுப்பின நாடு, சீக்கிரமே உயிரோட இருந்த டில்பாய்களுக்குக் கதவைச் சாத்துச்சு. புலம்பெயர்ந்த ஒரு வீரரைக் கொண்டாடுறது சுலபம், மக்களே. அந்த நாடு அவர் ஆட்களையும் உள்ளே விடுதான்னு சேர்த்துப் பாருங்க. மரியாதைக்கான உண்மையான டெஸ்ட் அதுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.