பல் வெனீர் பராமரிப்பின் வரலாறு

நிறம் மாறிய அல்லது ஓரம் உடைந்த முன்பற்களின் முகப்பில் ஒட்டப்படும் மெல்லிய தகடு வெனீர் எனப்படுகிறது. பீங்கானாலோ பிசினாலோ செய்யப்படும் இதன் கனம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. வெனீரின் வரலாறு பெரிதும் அதை ஒட்டும் பசையின் வரலாறுதான். பசை மாறியபோது பராமரிப்பும் மாறியது.

1928-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ், திரைப்பட நடிகர்களுக்காக இத்தகடுகளைச் செய்தார். பல்செட்டுக்குப் பயன்படும் பசைத்தூளால் ஒட்டப்பட்டதால், அவற்றோடு சாப்பிட முடியாது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைப்பதே அன்றைய பராமரிப்பு.

1955-இல் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலம் பட்ட எனாமலில் பிசின் இறுகப் பற்றுவதைக் காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் சைமன்சன், கலாமியா ஆகியோர் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறையை வெளியிட்டனர். வெனீர் நிலையாக நின்றது இதன்பின்னரே. ஆனால் அதற்காகப் பெரும்பாலும் எனாமல் சிறிது சீவப்படுகிறது. சீவிய எனாமல் மீண்டும் வளராது.

தமிழகத்தில் இது வெறும் அழகு விஷயம் அன்று. குடிநீரில் மிகுந்த புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதை, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் ஷார்ட் குழுவினர் 1937-இல் பதிவு செய்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இச்சிக்கல் இன்றும் பேசப்படுகிறது. அத்தகைய பழுப்புக் கறையை மறைக்கவும் வெனீர் உதவுகிறது.

தேனி மாவட்டத்தின் கடமலைக்குண்டு, வருசநாடு உள்ளிட்ட தமிழகக் கிராமப்புறங்களில் அடுப்புக்கரி, சாம்பல், உப்பு, செங்கல் பொடி ஆகியவற்றால் பல் விளக்குவது பழைய வழக்கம். இயற்கைப் பல்லையே தேய்க்கும் இப்பொடிகள், பிசின் வெனீரின் மினுமினுப்பையும் பசையின் ஓரத்தையும் விரைவில் கெடுக்கும். ‘கரிப் பற்பசை’ என்று புதிய பெயரில் விற்றாலும் கரி கரிதான். மென்மையான பிரஷ்ஷும் சொரசொரப்பில்லாத பற்பசையும் போதும்.

பீங்கான் சொத்தையாகாது. ஆனால் அது பல்லைத் தொடும் ஈறோரத்தில் அழுக்குப் படிந்தால் உள்ளே இருக்கும் பல் சொத்தையாகும். அந்த இடத்தைப் பல்லிடுக்கு நூலால் நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலோர் கைவிடுவது இதைத்தான். வெற்றிலை பாக்கு இங்கு இருவகையில் கேடு: சாறு ஓரத்தில் கறையேற்றும், கொட்டைப்பாக்கு தகட்டை உடைக்கும். தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கு மருத்துவர் இரவுக் காப்புறை செய்து தருவார். அமிலத்தன்மையுள்ள புளோரைடு ஜெல் பீங்கானின் மெருகை அரிக்கும் என்பதால், புளோரைடு சிகிச்சைக்கு முன் வெனீர் இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தகடு கழன்றுவிட்டால் கடையில் விற்கும் உடனடிப் பசையால் ஒட்டக் கூடாது. அது உடையாமல் இருந்தால் பத்திரமாக எடுத்துச் சென்றால், பல நேரங்களில் மருத்துவர் அதையே மீண்டும் ஒட்டிவிடுவார்.