மொரிஷியஸில் போட்ட கணக்கு

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் ரொனால்ட் ராஸ். 1902இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவர் விட்டுச்சென்றதில் பெரியது, கிருமியைக் கண்டு பத்தாண்டு கழித்து மொரிஷியஸ் தீவில் போட்ட கணக்குதான் என்பேன்.

கொசுவைக் குறைத்தால் மலேரியா அடங்கும் என்றார் ராஸ். கடைசிக் கொசுவரை யாரால் கொல்ல முடியும் என்று கேட்டவர்களுக்கு அவர் பெருக்கிக் காட்டினார். ஒரு நோயாளியை எத்தனை கொசு கடிக்கும்? கிருமி முற்றும்வரை அவற்றில் எத்தனை உயிரோடிருக்கும்? எத்தனை மறுபடி மனிதரைக் கடிக்கும்? ஒரு நோயாளியால் எத்தனை புது நோயாளிகள் என்பது இதில் வந்துவிடும். அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் போதும். கொசு மிச்சமிருந்தாலும் நோய் மெல்ல வற்றிவிடும்.

ராஸோடு சியரா லியோனுக்குப் போன மெக்கெண்ட்ரிக், பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்குடன் சேர்ந்து, 1927இல் எடின்பரோவிலிருந்து இந்தச் சிந்தனையைத் தொற்றுநோய்கள் அனைத்துக்கும் விரித்தார். சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்தது பம்பாயில் 1905–06இல் பிளேக்கில் இறந்தவர்களின் வாராந்தரக் கணக்கு.

1950களில் லண்டனில் ஜார்ஜ் மெக்டொனால்ட் கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளே முக்கியம் என்று காட்டினார். கொசுவுக்குள் கிருமி முற்றப் பத்து நாள் என்று வையுங்கள். தினமும் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தால், பத்து நாள் கழித்து 35 மிஞ்சும். எண்பதுதான் பிழைக்கும் என்றால் மிஞ்சுவது 11. கடித்துவிட்டுக் கொசு உட்காரும் வீட்டுச் சுவரில் டிடிடி பூச்சிமருந்து அடித்தது அதனால்தான் அவ்வளவு பலித்தது.

அப்படி மருந்தடித்த இலங்கையில் 1963இல் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். மருந்தடிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. ராஸ் பெருக்கிக் காட்டிய அந்தத் தொகை மறுபடி ஒன்றைத் தாண்டியது. 1960களின் கடைசியில் லட்சக்கணக்கானோர் காய்ச்சலில் விழுந்தார்கள். மீண்டும் அடக்கப் பல பத்தாண்டு பிடித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. மலேரியாவைப் பரப்பும் கொசு அங்கே இன்றும் இருக்கிறது. அதனால் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து காய்ச்சலோடு திரும்புகிறவர்களின் ரத்தத்தை இன்றும் சோதிக்கிறார்கள்.