எங்களுக்குப் பிறகு யார்? மாற்றுத்திறனாளிகளின் சுயசார்பு வாழ்வும் மஹல்லாவின் பொறுப்பும்

மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாய் தந்தையிடம் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். "எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" பிள்ளை சிறியவனாக இருக்கும்வரை சிறப்புப் பள்ளி, பயிற்சி, கல்வி உதவித்தொகை என்று ஏதோ ஒரு வழி தெரிகிறது. பதினெட்டு வயதைத் தாண்டியதும் அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. வளர்ந்த ஆண், வளர்ந்த பெண் என்ற நிலையில் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதையே பலர் யோசிப்பதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய நேரம் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதுதான். ஜனாஸாவுக்கு மறுநாள் உறவினர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பது, பெரும்பாலும் அந்த மாற்றுத்திறனாளியைக் கேட்காமல் எடுக்கும் முடிவாகவே இருக்கும்.

சுயசார்பு வாழ்வு என்றால் என்ன?

யார் துணையும் இல்லாமல் தனியாக வாழ்வது என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். எங்கே வசிப்பது, யாரோடு வசிப்பது, பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைத் தானே தீர்மானிப்பதும், அதற்கு வேண்டிய துணையைப் பெறுவதும்தான் சுயசார்பு வாழ்வு. குளிக்க ஒருவர் உதவ வேண்டியிருக்கலாம். எத்தனை மணிக்குக் குளிப்பது என்பதை அவரே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தக் கருத்தை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ். 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1972இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சுயசார்பு வாழ்வு மையத்தை நிறுவினார்கள். உதவியாளரைத் தேடிக் கொடுப்பது, வாடகை வீடு பார்த்துக் கொடுப்பது, சக்கர நாற்காலியைப் பழுது பார்ப்பது என்று அன்றாடத் தேவைகளையே அந்த மையம் கவனித்தது. அதை நடத்தியவர்களும் மாற்றுத்திறனாளிகளே.

ஐ.நா. சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு இதை ஓர் உரிமையாக அறிவிக்கிறது. இந்தியா 2007இல் அந்த உடன்படிக்கையை உறுதி செய்தது. அதன் அடிப்படையில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 5ஆவது பிரிவு, சமுதாயத்தில் வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும், குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. வீட்டிலும் சமுதாயத்திலும் வேண்டிய துணைச் சேவைகளை ஏற்படுத்தித் தருவது அரசின் பொறுப்பு என்றும் கூறுகிறது.

பெரம்பலூர், அரியலூர் நிலவரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் வசித்தனர். தமிழ்நாடு முழுவதும் அப்போது 11,79,963 மாற்றுத்திறனாளிகள் கணக்கிடப்பட்டனர். அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைகளையே கேட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எனவே உண்மையான எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும்.

இரண்டுமே கிராமங்கள் நிறைந்த மாவட்டங்கள். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். நடக்க முடியாத ஒருவர் ஒரு கையெழுத்துக்காக இப்படி இரண்டு மூன்று முறை அலைய நேர்ந்தால், அந்த மாத உதவித்தொகையில் ஒரு பங்கு ஆட்டோவுக்கே போய்விடும்.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் இன்னொரு நிலைமையும் உண்டு. ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பணம் வருகிறது, ஆனால் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆள் இல்லை. வயதான தாயும் நாற்பது வயது மகனும் மட்டும் இருக்கும் வீட்டில் தாய்க்கு இடுப்பு வலி வந்தால் அன்றைக்கே இருவரும் முடங்கிப்போவார்கள். இந்த இடத்தில் தேவைப்படுவது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு மனிதர். அதை வெளிநாட்டிலிருந்து அனுப்ப முடியாது.

கைவிடுவதன் விலை: ஏர்வாடி தரும் பாடம்

குடும்பத்தால் முடியாதபோது எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவது நம் மக்களிடம் இருந்துவரும் பழக்கம். அதன் விலையைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் பலரால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன.

இறந்தவர்களுக்கும் குடும்பம் இருந்தது. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் பலர் அன்பில்லாதவர்கள் அல்லர், வேறு வழி தெரியாதவர்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை விதித்திருக்கிறது. சமுதாயத்தில் வாழும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. ஆனால் சங்கிலியை அவிழ்த்த பிறகு அவர் எங்கே வாழ்வது என்பதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்திலேயே இரண்டு முன்மாதிரிகள்

சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட 'தி பான்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை நடத்துகிறது. மருத்துவமனையிலும் காப்பகத்திலும் நீண்ட காலம் இருந்த மனநோயாளிகளில் நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். சமைப்பது, கடைக்குப் போவது, பண்டிகை கொண்டாடுவது எல்லாம் அவர்களே. உதவிக்குப் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் இருப்பார். பெரும்பாலும் அவர் உள்ளூர்ப் பெண்ணாக இருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமுதாய மனநலச் சேவைகள் பற்றிய வழிகாட்டியில் இத்திட்டத்தை நல்ல எடுத்துக்காட்டாகக் காட்டியது.

இரண்டாவது, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் அதைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். மறுவாழ்வுப் பணியாளர்கள் கிராமங்களுக்கே சென்று பயிற்சி அளிக்கும் முறையை அங்கே வளர்த்தார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இரண்டிலும் பொதுவாக உள்ளது ஒன்று: உதவி ஆளைத் தேடி வருகிறது. உதவிக்காக ஆளை ஊரைவிட்டு அப்புறப்படுத்தவில்லை.

கையில் இருக்க வேண்டியவை, கேட்டுப் பெற வேண்டியவை

முதலில் தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி). இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் சான்று பெற வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். விவரங்களுக்கு இரு மாவட்டங்களிலும் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

மாத உதவித்தொகையில் இரண்டு வகை உண்டு. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. தகுதியுள்ளவர்கள் இரண்டாவதற்கு விண்ணப்பிப்பதே நல்லது.

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பேட்டரி சக்கர நாற்காலி, மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் கைபேசி ஆகியவை தகுதிக்கேற்ப இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வருபவரும் இலவசமாகச் செல்லலாம். திருமணத்துக்கு 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டங்கள் உள்ளன. நம்மில் பலர் இதை அறியாமலேயே, "இவளுக்கு எங்கே நிக்காஹ்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

அன்றாடம் முழுநேரத் துணை தேவைப்படுபவர்கள் தங்களுக்கு 'உயர் ஆதரவு' வேண்டும் என்று அதிகாரிகளிடம் விண்ணப்பிக்க, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு வழி செய்கிறது.

பதினெட்டு வயதும் சொத்தும்

பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்தால் பெற்றோர் சட்டப்படி அவருடைய காப்பாளர் அல்லர். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், தேவை இருந்தால், தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் காப்பாளர் நியமனம் கோரலாம். ஆட்சியர் அக்குழுவில் இருப்பார். இதே நான்கு வகையினருக்கு 'நிராமயா' என்ற, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடும் உண்டு. பார்வையற்றவருக்கோ கால் ஊனமுற்றவருக்கோ காது கேளாதவருக்கோ காப்பாளர் தேவையே இல்லை. சொத்து வைத்திருக்கவும், வங்கிக் கணக்கை நடத்தவும், கையெழுத்திடவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

இங்கேதான் பல குடும்பங்களில் அநீதி நடக்கிறது. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கிக்கொள்வார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சகோதரன் திண்ணைக்கு வந்துவிடுவான். வாரிசுரிமைப் பங்கில் ஊனத்தைக் காரணம் காட்டி ஒரு பைசாவைக்கூடக் குறைக்க மார்க்கத்தில் இடமில்லை. தன் சொத்தை நிர்வகிக்க இயலாதவருக்கு அதிலிருந்தே உணவும் உடையும் அளித்து, நல்ல முறையில் பேசும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது (4:5). நிர்வகிக்கப் பொறுப்பேற்பது வேறு, உரிமையைப் பறிப்பது வேறு.

மார்க்கம் காட்டும் முன்னுதாரணம்

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றி 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கியதை நாம் அறிவோம். அவரை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக ஆக்கினார்கள். தாம் வெளியே செல்லும்போது மதீனாவின் பொறுப்பையும் பலமுறை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதாவது அவருக்குக் கொடுக்கப்பட்டது இரக்கம் மட்டுமல்ல, பொறுப்பு.

உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக், நடக்க முடியாதவர்களுக்குப் பணியாளரையும் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டியையும் ஏற்படுத்திக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். இன்று 'உதவியாளர் சேவை' என்று சட்டம் சொல்வதன் பழைய வடிவம் அது.

ஜமாஅத் செய்யக்கூடியவை

1. கணக்கெடுப்பு: மஹல்லாவில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், யாருடன் இருக்கிறார்கள், அட்டை இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா என்று ஒரு பதிவேடு வைக்கலாம். பெண்களைப் பெண்களே சந்தித்துக் கேட்கட்டும்.

2. மாத ஏற்பாடு: ரமலானில் ஒரு முறை கொடுக்கும் தொகையைவிட, தகுதியுள்ளவருக்கு பைத்துல்மால் மூலம் மாதாமாதம் உதவியாளர் கூலி கொடுப்பது பெரிய மாற்றத்தைத் தரும். அதே தெருவில் இருக்கும் ஏழைப் பெண்ணுக்கு அது வருமானமும் ஆகும்.

3. அலுவலகத் துணை: விண்ணப்பம் நிரப்பவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லவும் இரண்டு இளைஞர்களை நியமிக்கலாம். ஜகாத் நிதியில் கை வைக்காமலே பல குடும்பங்களுக்கு அரசுப் பணம் வந்து சேரும்.

4. பள்ளிவாசல் வாசல்: சாய்தளம், உட்கார்ந்து உளூ செய்யும் இடத்தில் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை. ஜும்ஆவுக்கு வர முடியாதவர் நிக்காஹ் சபைக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் வர முடியாதவர் ஆகிவிடுகிறார்.

5. வாடகை வீடு: தனியாக இருக்க விரும்பும் மாற்றுத்திறனாளிக்கு வீடு தரத் தயங்கும் உரிமையாளரிடம் ஜமாஅத் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

6. நிர்வாகத்தில் இடம்: தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஊராட்சியில் இடம் தரப்படும்போது பள்ளிவாசல் நிர்வாகக் குழுவிலும் ஒருவருக்கு இடம் தரலாமே.

இவற்றில் எதற்கும் பெரிய கட்டடமோ பெரிய அறக்கட்டளையோ தேவையில்லை. பதிவேட்டுக்கு ஒரு நோட்டும், வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணி நேரமும் போதும், தொடங்குவதற்கு.

தொடங்கும்போது மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த வீட்டுக்குப் போய் முதலில் தாயிடமோ அண்ணனிடமோ பேசாமல், அந்த மாற்றுத்திறனாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.