கோல்ஃப் டிரைவர் வாங்கப் போறீங்களா? 9 டிகிரியை எடுக்கும் முன் உங்க ஸ்விங் வேகத்தைத் தெரிஞ்சுக்கோங்க!

கோல்ஃப் பையில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட 14 மட்டைகளில் பொதுவாக நீளமானதும் விலை அதிகமானதும் டிரைவர்தான். பிரபல நிறுவனங்களின் புது மாடல் என்றால் இந்தியாவில் அரை லட்சம் ரூபாயை எளிதாகத் தொட்டுவிடும். அவ்வளவு பணம் போட்டு வாங்கியும் பந்து பழைய இடத்திலேயே விழுகிறது, இல்லையென்றால் வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போகிறது என்று புலம்புபவர்கள் ஏராளம். பல நேரங்களில் தப்பு மட்டையில் இல்லை. யாரைப் பார்த்து வாங்கினோம் என்பதில்தான் இருக்கு.

டிவியில் ரோரி மெக்கில்ராய் அடிப்பதைப் பார்க்கிறோம். கடைக்குப் போய் அதே மாதிரி 9 டிகிரி லாஃப்ட், விறைப்பான ஷாஃப்ட் என்று கேட்கிறோம். இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

பந்தின் பறப்பை ரேடார் மூலம் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்ட, பலரும் எடுத்துக்காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதன்படி அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் டிரைவரின் சராசரி ஸ்விங் வேகம் மணிக்கு 113 மைல். பந்து தரையைத் தொடும் முன் பறக்கும் தூரம் 275 யார்டு. பெண்களுக்கான எல்பிஜிஏவில் வேகம் 94 மைல், தூரம் 218 யார்டு. வார இறுதியில் விளையாடும் சராசரி ஆணின் வேகம்? சுமார் 93 மைல்தான்! அதாவது நம்ம வேகம் எல்பிஜிஏ வீராங்கனைகளின் வேகம். ஆனால் வாங்குவது மட்டும் மெக்கில்ராயின் மட்டையை.

லாஃப்ட் ஏன் முக்கியம்?

மட்டையின் முகம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணத்தைத்தான் லாஃப்ட் என்கிறார்கள். இந்தச் சாய்வுதான் பந்தை மேலே கிளப்புவதோடு பின்னோக்கிய சுழற்சியையும் கொடுக்கிறது. அந்தச் சுழற்சி இருந்தால்தான் பந்து காற்றில் நிற்கும். வேகமாக அடிப்பவருக்குச் சுழற்சி கூடினால் பந்து மேலே எழும்பித் தூரம் குறையும், அதனால் அவர் லாஃப்டைக் குறைக்கிறார். 2020-ல் பிரைசன் டிசாம்போ 5.5 டிகிரி டிரைவர் வைத்திருந்ததற்குக் காரணம் அவருடைய அசுர வேகம். மெதுவாக அடிப்பவர் அதைச் செய்தால் பந்து பாதி வழியிலேயே தொப்பென்று விழுந்துவிடும். 90 மைல் பக்கம் இருப்பவர்கள் 10.5 டிகிரியில் தொடங்கலாம். 80-க்குக் கீழே என்றால் 12 டிகிரி கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம். பிஜிஏ வீரர்கள் சராசரியாகப் பந்தை லேசாகக் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். எல்பிஜிஏ வீராங்கனைகளோ மட்டை மேலே எழும்போது சுமார் 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள். குறைந்த வேகத்திலும் தூரம் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பந்தை இடது குதிகாலுக்கு நேராக, டீயில் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் பாருங்க. இதற்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 4-வது இடம் பிடித்த நம்ம அதிதி அசோக் அதிக தூரம் அடிப்பவர் இல்லை என்பதையும் நினைவில் வையுங்க.

ஷாஃப்ட், நீளம்

ஷாஃப்டில் ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் இருக்கும். தோராயமாக 85 முதல் 95 மைலுக்கு ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். ஆனால் இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ் போல இருக்கலாம். எழுத்தை நம்பாமல் அடித்துப் பாருங்க.

கடைகளில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். நீளம் கூடினால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் முகத்தின் நடுவில் பந்து படுவது கடினம். 1997 மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற டைகர் உட்ஸ் வைத்திருந்தது 43.5 அங்குல டிரைவர்! உங்க பந்து எங்கே படுகிறது என்று தெரியணுமா? ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் பட்டையாகப் பூசி, அந்தப் பக்கம் மட்டையில் படுமாறு வைத்து அடியுங்க. முகத்தில் அச்சு விழும். பத்துப் பந்தில் அச்சு அங்கும் இங்கும் சிதறினால் நீளத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம்.

வலது பக்கம் வளையும் ஸ்லைஸுக்கு 'டிரா' வகை டிரைவர்கள் கிடைக்கின்றன. குதிப்பக்கம் எடை கூட்டப்பட்டிருப்பதால் முகம் சீக்கிரம் மூடும். வளைவு குறையும், ஆனால் ஸ்விங்கில் உள்ள பிழையை மட்டை முழுசா திருத்தாது.

வாங்கும் முன் லாஞ்ச் மானிட்டர் உள்ள பயிற்சி மையத்தில் ஸ்விங் வேகத்தை அளந்துவிடுங்க. பத்து அடி அடித்தால் ஆகச் சிறந்த ஒன்றை விட்டுவிட்டு சராசரியைப் பாருங்க. தலையின் அளவுக்கு விதிப்படி உச்சவரம்பு 460 சிசிதான், பல ஆண்டுகளாக மாறவில்லை. அதனால் சில வருடம் பழைய மாடலை நல்ல நிலையில் பாதி விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். லாஃப்டைத் திருகி மாற்றும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கோங்க. புது மாடலை ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்குக் கொடுத்தால் உஷார், கோல்ஃப் மட்டைகளிலும் போலி உண்டு.