கூம்பிலிருந்து வரைபுத்தாளுக்கு

நாவலப்பிட்டியில் சாதாரண தரக் கணிதம் படிக்கும் பிள்ளை வரைபுத்தாளில் வரையும் பரவளைவுக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கரான மெனைக்மஸ் கூம்பை வெட்டிப் பார்த்த இடத்தில் அது பிறந்தது. கி.மு. 200 அளவில் அப்பொலோனியஸ் அதன் அருமையான குணமொன்றை நிறுவினார்: உள்ளே சமாந்தர நாண்கள் எத்தனை வரைந்தாலும் அவற்றின் நடுப்புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும்.

அன்று அதற்குச் சமன்பாடு இல்லை. 1637இல் டேக்கார்ட் வளைகோட்டையும் அட்சரகணிதத்தையும் ஒன்றுசேர்த்தார். வர்க்கத்தை நிறைவாக்கும் வித்தையோ இந்தியாவில் அதற்கு நெடுங்காலம் முன்பே ஸ்ரீதரர் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் எழுதிய வீசகணித நூல் 1855இல் அச்சேறியது.

மலைநாட்டுக்கு மட்டும் இந்தக் கல்வி மெல்லத்தான் வந்தது. கோப்பியை இறக்க 1874இலேயே ரயில் நாவலப்பிட்டியை எட்டிவிட்டது. தோட்டப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. இதை நினைக்க எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இனி வினாத்தாள். ‘வை சமன் எக்ஸ் வர்க்கம் சய 3 எக்ஸ்’ என்று ஒரு சார்பு. எக்ஸுக்கு சய 1 முதல் 4 வரை கொடுத்தால் வையின் பெறுமானங்கள் 4, 0, சய 2, சய 2, 0, 4. அட்டவணையில் ஆகக் குறைந்தது சய 2 என்பதால், பல பிள்ளைகள் 1க்கும் 2க்கும் நடுவே அடிமட்டத்தை வைத்துக் கோடிழுத்து வளைவின் அடியைத் தட்டையாக்கிவிடுவார்கள். புள்ளிகளைச் சரியாகக் குறித்த பிள்ளையும் இங்கேதான் சறுக்கும்.

சோடிகளைப் பார்க்க வேண்டும். இருபுறமும் 0 வருவது எக்ஸ் 0இலும் 3இலும், நடு 1.5. இருபுறமும் 4 வருவது சய 1இலும் 4இலும். நடு மறுபடியும் 1.5. அப்பொலோனியஸின் நாண்களும் நடுப்புள்ளிகளும் இவைதாம். சமச்சீர் அச்சு எக்ஸ் சமன் 1.5. சூத்திரத்தை மனனம் செய்யச் சொல்லுமுன் இந்தச் சோடிகளைக் காட்டுவதே நல்ல ஆசிரியரின் வேலை என்பேன்.

அச்சு கிடைத்ததும் அந்த 1.5ஐச் சார்பில் பிரதியிட்டால் 2.25 சய 4.5, அதாவது சய 2.25. அட்டவணையில் இல்லாத அந்த இடம்தான் திரும்பற் புள்ளி. வர்க்கத்தை நிறைவாக்கினாலும் எக்ஸ் சய 1.5இன் வர்க்கம் சய 2.25 என்றே வரும்; வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே வளைவும் சய 2.25க்குக் கீழே இறங்காது.