எழுத முன்வந்த இளையோர்

வரலாறு என்றதும் வேந்தரும் படைத்தலைவரும் உடன்படிக்கைகளுமே மாணவர் நினைவில் எழுகின்றன. பசியோடு பள்ளிக்குச் சென்ற சிறுவனும், தாயை இழந்து தம்பி தங்கையரைப் பேணிய சிறுமியும் வரலாற்று ஏடுகளில் இடம்பெறுவது அரிது. அவர்தம் வாழ்வு எழுதத்தக்கது என்று கற்றோர் கருதவில்லை. அவர்களும் தம்மைப்பற்றி அவ்வாறு கருதத் துணியவில்லை. இவ்விரு தடைகளையும் ஒருங்கே நீக்க முனைந்த ஒரு நிறுவனம் 1930களில் ஐரோப்பாவில் இருந்தது. அம்முயற்சியின் வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

முதல் உலகப் போருக்குப் பின்னர், 1918இல் போலந்து மீண்டும் விடுதலை நாடாயிற்று. அந்நாட்டில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். மக்கள் தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் அவர்கள். பெரும்பாலோரின் வீட்டுமொழி இத்திஷ். அம்மொழியைக் கொச்சை எனக் கற்றோர் பலர் இகழ்ந்த காலம் அது. அம்மொழியையும் அதைப் பேசும் எளிய மக்களின் வாழ்வையும் அறிவியல் முறையில் ஆராயும் நோக்குடன் 1925இல் ‘யிவோ’ என்னும் ஆய்வு நிறுவனம் தோன்றியது. வில்னா நகரம் அதன் தலைமையிடம். அந்நாளில் போலந்தின் பகுதியாக இருந்த அந்நகரம் இன்று வில்னியுஸ் என்னும் பெயரில் லித்துவேனியாவின் தலைநகராக விளங்குகின்றது.

அரசின் துணை பெரிதும் இல்லாத அந்நிறுவனம் மக்களையே நம்பி நின்றது. சிற்றூர்களில் வாழ்ந்த தொண்டர்கள் ஊதியமின்றிப் பழமொழிகளையும் நாட்டுப்பாடல்களையும் கடிதங்களையும் திரட்டி வில்னாவுக்கு அனுப்பினர். அத்தொண்டர்க்கு இத்திஷ் மொழியில் ‘ஸாம்லர்’, அதாவது சேகரிப்போர், என்று பெயர். இவ்வாறு பழைமையைத் திரட்டிய நிறுவனம், தன் கண்முன் வளரும் இளைய தலைமுறையின் உள்ளத்தையும் அறிய விரும்பியது. அவ்விருப்பத்திற்கு வடிவம் தந்தவர் மொழியறிஞர் மாக்ஸ் வைன்ரைக்.

தன்வரலாறுகளைப் போட்டியின் வாயிலாகத் திரட்டும் முறை போலந்துக்குப் புதியதன்று. சமூகவியல் அறிஞர் ஃப்ளோரியன் ஸ்னானியெட்ஸ்கி 1921இலேயே தொழிலாளரிடையே அத்தகைய போட்டியை நடத்தியிருந்தார். வைன்ரைக் அம்முறையை இளையோர்பால் திருப்பினார். 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் மூன்று போட்டிகள் நடைபெற்றன. பதினாறு முதல் இருபத்திரண்டு வயது வரையிலான யூத இளைஞர், பெண்கள் யாவரும் எழுதலாம். 1932க்கும் 1933க்கும் இடையில் வைன்ரைக் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுக்கும் ஆளுமைக்கும் உள்ள உறவைக் கற்றார். அந்நாட்டின் தென்பகுதிக்குச் சென்று, ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களின் வாழ்வை நேரிற் கண்டார். சிறுபான்மையராய்ப் பிறந்த குழந்தை தன் நிலையை எவ்வயதில், எவ்வாறு உணர்கின்றது என்பதே அவரை ஈர்த்த வினா. அவ்வாராய்ச்சியின் பயனாக இளையோரைப் பற்றிய அவருடைய நூல் 1935இல் வெளிவந்தது.

போட்டியின் அறிவிப்பு ஆசிரியர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. அருஞ்செயல் ஆற்றியோர் மட்டுமே எழுதலாம் என எண்ணவேண்டா என்று அஃது இளையோரைத் தேற்றியது. குடும்பம், போர்க்காலம், பள்ளி, ஆசிரியர், தோழர், தொழில், காதல், அரசியல் இயக்கம் ஆகியவற்றை விரிவாகவும் உண்மையாகவும் எழுதக் கேட்டுக்கொண்டது. கட்டுரை இருபத்தைந்து பக்கங்களுக்குக் குறையலாகாது. எழுதுவோர் புனைபெயரைப் பயன்படுத்தலாம். அவர்தம் மறை காக்கப்படும். எம்மொழியில் எழுதவும் தடையில்லை. பெரும்பாலோர் இத்திஷ் மொழியிலும், பலர் போலிஷ் மொழியிலும், சிலர் எபிரேய மொழியிலும் எழுதினர்.

அறுநூற்றுக்கும் மேற்பட்ட தன்வரலாறுகள் வந்து சேர்ந்தன. 1939ஆம் ஆண்டுப் போட்டியின் முதற்பரிசு 150 ஸ்லோட்டி. ஏழை இளைஞனுக்கு அது சிறுதொகை அன்று. ஆயினும் பரிசு பெறுவோர் சிலரே என்பதை எழுதினோர் அனைவரும் அறிந்திருந்தனர். எனவே, பணம் ஒன்றே அவர்களை எழுதத் தூண்டியது எனக் கொள்ளல் இயலாது. கேட்பாரின்றி நெஞ்சில் கிடந்த துயரத்தைக் கேட்க ஒருவர் முன்வந்தார் என்பதே பெரிய தூண்டுகோலாய் இருந்திருத்தல் வேண்டும்.

முதலிரு போட்டிகளில் எழுதியோர் முதல் உலகப் போரைச் சூழ்ந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள். பலருடைய முதல் நினைவே வெளியேற்றமும் பசியும் நோயுமாக இருந்தது. தந்தை போர்க்களம் சென்றமையும், தாய் தனித்து உழைத்தமையும், கட்டணம் செலுத்த இயலாமற் பள்ளியை விட்டமையும், இளம்பருவத்திலேயே தையற்கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு அமர்ந்தமையும் அவ்வேடுகளில் விரிகின்றன. பெண்கள், ஆண்மக்களுக்குக் கிடைத்த கல்வி தமக்கு மறுக்கப்பட்டதை எழுதினர். சமயநெறி வழுவாத இல்லத்தில் பிறந்தோர், நூலகத்தில் பிறநூல் பயின்றதனால் பெற்றோரோடு ஏற்பட்ட பிணக்கை எழுதினர்.

அவர்தம் எதிர்காலமும் ஒடுங்கியே தோன்றியது. அமெரிக்கா 1924இல் இயற்றிய சட்டத்தால் குடியேற்ற வாயிலைச் சுருக்கிற்று. 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தம் போலந்தையும் வாட்டியது. 1937இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவரைத் தனி இருக்கைகளில் அமர்த்தும் இழிவுமுறை அரசின் இசைவோடு நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் இடையில், அவ்விளையோர் தம் சிறுமைகளையும் கனவுகளையும் ஒளிக்காது எழுதினர் என்பது வியத்தற்குரியது.

மூன்றாம் போட்டியின் முடிவு அறிவிக்கப்படவிருந்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றே செருமானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டது. பரிசு அறிவிக்கப்படவே இல்லை. அவ்வமயம் அயல்நாட்டில் இருந்த வைன்ரைக் 1940இல் நியூயார்க் சென்றடைந்தார். நிறுவனத்தின் தலைமையிடமும் அங்கு மாறியது. 1941 ஜூனில் வில்னா நாஜிகளின் கைப்பட்டது. போலந்து யூதருள் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். தன்வரலாறு எழுதிய இளையோரிற் பெரும்பாலோரும் அவ்வழிவிலேயே மறைந்தனர்.

எழுத்துகளுக்கும் அழிவு காத்திருந்தது. நாஜிகள் யிவோவின் நூலகத்தைச் சூறையாடினர். தமக்குப் பயன்படுவனவற்றைச் செருமனிக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றைக் காகித ஆலைக்கு அனுப்பும்படி ஆணையிட்டனர். அவற்றைத் தரம்பிரிக்க யூத அறிஞர்களையே அடிமைகளாக அமர்த்தினர். ஹெர்மன் க்ரூக், ஸெலிக் கல்மனோவிச், கவிஞர் ஆப்ரஹாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கெ கச்செர்கின்ஸ்கி முதலானோர் உயிரைப் பணயம் வைத்து ஏடுகளை ஆடைக்குள் மறைத்துக் கடத்தினர். இவருள் முதலிருவர் எஸ்தோனியாவின் முகாம்களில் மாண்டனர். மற்ற இருவர் தப்பிப் பிழைத்தனர்.

செருமனிக்குக் கொண்டு செல்லப்பட்டவற்றை அமெரிக்கப் படையினர் போரின் முடிவில் கண்டெடுத்தனர். அவை 1947இல் நியூயார்க்கை அடைந்தன. வில்னாவிலேயே எஞ்சிய பகுதியைச் சோவியத் ஆட்சிக்காலத்தில் ஆண்டனஸ் உல்பிஸ் என்னும் லித்துவேனிய நூலகர், யூதரல்லாதவராயினும், ஒரு பழைய தேவாலயத்தில் பேணிக்காத்தார். அங்கிருந்த ஏடுகளுள் ஏறத்தாழ 1,70,000 பக்கங்கள் அடையாளம் காணப்பெற்ற செய்தி 2017இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள்ளும் இளையோரின் தன்வரலாறுகள் இருந்தன. இவ்வாறு முந்நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று எஞ்சியுள்ளன. அவற்றுட் பதினைந்து 2002இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

இவ்வேடுகளைப் படிப்போர் ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். எழுதியோரின் முடிவை நாம் அறிவோம், அவர்கள் அறியார். ஆதலின், ஒவ்வொரு வரியிலும் வரவிருந்த சாவையே தேடுதல் அவர்களுக்குச் செய்யும் நீதியாகாது. அவர்கள் வேலை கிடைக்குமா, காதல் கைகூடுமா, மேற்படிப்புக்கு வழி உண்டா என்று கவன்றனர். வாழவிருப்போர் எழுதிய எழுத்தாகவே அதனைப் படித்தல் வேண்டும். பரிசை எண்ணி மிகைப்படுத்தினோரும் சிலர் இருந்திருக்கலாம். மறதியும் நாணமும் சிலவற்றை மறைத்திருக்கலாம். ஒருவரின் கூற்றைப் பலரின் கூற்றோடு ஒப்பிடுதல் வரலாற்றாசிரியரின் கடமையாகும்.

ஆசிரியர்க்கு இவ்வரலாறு உணர்த்துவன சில உள. சிறுவர்தம் துன்பத்தைத் தோண்டித் துருவி வெளிக்கொணர்தல் தகாது. அவர்களாக முன்வரும் வாய்ப்பை அமைத்தலே தகும். யிவோ எவரையும் வற்புறுத்தவில்லை. எழுதுவோர்க்குத் தாம் விரும்பிய மொழியையும், பெயரை மறைக்கும் உரிமையையும் தந்தது. எளியோர் வாழ்வும் அறிவுலகிற்குத் தேவை என முன்கூட்டியே உறுதி கூறியது. இம்மூன்றும் கூடிய இடத்தில் இளையோரின் நா தானே அவிழ்ந்தது. பரிசளிப்போர் சிதறினர், எழுதியோர் மடிந்தனர். எனினும், அவர்கள் யார், எவ்வாறு வளர்ந்தனர் என்பதைக் கொன்றவர்களின் பதிவேடுகளிலிருந்து அறியவேண்டிய இழிநிலை உலகிற்கு நேரவில்லை. அவர்தம் கையெழுத்திலேயே அதனை அறிய முடிகின்றது.