போர்க்கால லாரியும் அதன் சிற்றுருவும்

சித்தூர் ஜில்லாவின் தென்மேற்குக் கோடியில், குப்பத்தை அடுத்து இருக்கிறது ராமகுப்பம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் மூலை அது. 1911-ஆம் ஆண்டு சித்தூர் தனி ஜில்லாவாக அமையும் முன்னர் இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரையில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1864 முதல் குப்பத்தின் வழியாகவே போகிறது. பெங்களூர் பெரும் படைத்தளமாக விளங்கிய இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், படை வண்டிகள் இப்பக்கத்து மக்களுக்குப் புதுமையாக இருந்திருக்க மாட்டா.

இத்தகைய ஊர்களின் தெருக்களில் சிறுவர்கள் தாமே செய்து இழுத்துவரும் லாரியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பழைய டின்னே உடல். அறுந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்தால் சக்கரம். கடையில் வாங்கிய ஆயத்தப் பெட்டியின் துணையின்றி, ஒரு வண்டியை அடி முதல் முடி வரை தன் கையாலேயே சிறிதாகக் கட்டும் கலைக்கு இதுவே பாலபாடம். அக்கலையில் முதிர்ந்தவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்களில் போர்க்காலப் படை லாரிக்குத் தனி இடம் உண்டு. அந்த லாரி எது, அது நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1939-இல் ஏறத்தாழ 2 லட்சம் பேர் கொண்டிருந்த இந்தியப் படை, 1945-இல் 25 லட்சம் பேர் கொண்டதாயிற்று. கோவேறு கழுதையும் மாட்டு வண்டியும் சுமந்த சுமையை இனி மோட்டார் லாரியே சுமக்க வேண்டும் என்ற நிலை பிறந்தது. அவ்வளவு லாரிகளைச் செய்யும் தொழிற்சாலை அன்று நம் நாட்டில் இல்லை. கை கொடுத்தது கனடா. அந்நாட்டு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் பொது அமைப்பு ஒன்றைப் பின்பற்றிச் செய்த படை வண்டிகள் மட்டுமே 4 லட்சத்துக்கு மேற்பட்டவை. இவை பகுதி பகுதியாகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடல் கடந்து வந்து இங்கே இணைக்கப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாயில் இணைப்புச் சாலை நடத்தி வந்தது. ஃபோர்டுக்கு நம் சென்னையிலும் ஒன்று இருந்தது. இன்று சிற்றுருக் கலைஞர் கடைப்பெட்டி வேண்டாம் என்று ஒதுக்குகிறார். அவர் பின்பற்றும் அசல் லாரியோ பெட்டியில் வந்ததுதான்!

அந்த லாரியின் முகம் மறக்க முடியாதது. கப்பலில் இடம் மிச்சமாகும் பொருட்டு மூக்கைக் குறுக்கினார்கள். அதனால் இன்ஜின் ஓட்டுநரின் காலருகே வந்து சேர்ந்தது. ஃபோர்டில் 8 சிலிண்டர், ஷெவர்லேயில் 6. அந்தச் சூட்டையும் நெருக்கத்தையும் தாங்கி ஓட்டியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். 1941-இன் இறுதியில் வந்த 13-ஆம் எண் முகப்பில் முன்கண்ணாடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னினால் வானிலிருக்கும் பகை விமானம் கண்டுகொள்ளும் என்ற அச்சமே காரணம். சிற்றுருவில் இந்தச் சாய்வு பிழைத்தால் மற்றவை யாவும் சரியாக இருந்தும் பயனில்லை.

ஜாம்ஷெட்பூரில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி. கனடாவிலிருந்து வந்த இதே வகை அடிச்சட்டங்களின் மீது இந்தியாவில் கவச உடல் கட்டி ஆயிரக்கணக்கான போர் வண்டிகள் உருவாக்கப்பட்டன. கவசத் தகடு உங்கள் ஊர் எஃகு. படையினர் அவ்வண்டியை ‘டாட்டாநகர்’ என்றே அழைத்தனர். ஜபல்பூர் நேயர்களுக்கும் பங்கு உண்டு. நாடு விடுதலை பெற்ற பின், 1959-இல், ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் கூட்டுறவோடு ‘சக்திமான்’ லாரி பிறந்தது அங்குள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலையில்தான். 1969-இல் வாகனத் தொழிற்சாலை தனியாக அமைந்தது.

இனி வேலைக்கு வருவோம். ஒன்றுக்குப் பதினாறு என்ற அளவை எடுத்துக்கொள்வோம். மூன்று டன் லாரியின் நீண்ட வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 158 அங்குலம். சிற்றுருவில் அது 9⅞ அங்குலம் ஆகும். இந்த ஓர் அளவு உறுதியாகத் தெரிந்தால் போதும், பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்று மற்ற அளவுகளைச் சொல்லிவிடும். படத்தில் அச்சுகளின் இடைவெளி 79 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு 2 அங்குலம். படத்தில் 20 மில்லிமீட்டர் காணும் உறுப்பு உண்மையில் 40 அங்குலம், நம் கையில் 2½ அங்குலம். அருகில் நின்று எடுத்த படம் பொய் சொல்லும். கிட்டத்தில் உள்ள சக்கரம் பருத்தும் எட்டத்தில் உள்ளது சிறுத்தும் தோன்றும். தொலைவில் நின்று எடுத்த படமே நம்பத்தக்கது.

சக்கரங்களைக் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். திருப்பதியின் மரப்பாச்சிப் பொம்மைகளைக் கண்டவர்க்குச் செம்மரத்தின் மீது ஆசை எழும். சட்டக் கட்டுப்பாடு மிகுந்த அம்மரத்தை நாடவே வேண்டாம். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரம் மென்மையானது, கடைசலுக்கு இணங்குவது. வில் பட்டைகளுக்கு மெல்லிய பித்தளைத் தகட்டை நறுக்கி, ஒன்றைவிட ஒன்று குறுகலாக அடுக்கிக் கட்டினால் அமையும்.

முகப்புத் தகட்டில்தான் பலர் இடறுகிறார்கள். 0.3 மில்லிமீட்டர் கனமுள்ள டின் தகடு மெல்லியதென்றே நமக்குத் தோன்றும். 16 மடங்காக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்! கவச வண்டிக்கு அது பொருந்தலாம், லாரிக்குப் பொருந்தாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஓரங்களை மட்டும் அரத்தால் ராவி மெலிதாக்க வேண்டும். ஆணித் தலைகளுக்குத் தகட்டின் பின்புறம் ஊசியால் அழுத்தினால் முன்புறம் புள்ளி எழும்பும். மேற்கூரைத் துணிக்கு முரட்டுக் காடாத் துணி உதவாது. அதன் இழை சிற்றுருவில் கயிறாகத் தெரியும். நைந்த மல் வேட்டித் துண்டைப் பசையில் நனைத்து வளைகம்பிகளின் மேல் போர்த்துவதே நலம். புழுதி பூசவும் இதே கணக்குத்தான். ராமகுப்பத்துச் செம்மண் நிறம் அருமையானது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் மணல் சிற்றுருவில் 16 மில்லிமீட்டர் சரளைக் கல்லாகிவிடும். மண்ணை அரைத்துத் துணியில் சலித்தபின் தூவுக.

எந்தக் கோலத்தில் கட்டுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. பர்மா முனையின் கரும்பச்சை நிறத்தில் கட்டுவோரே மிகுதி. நம் கருத்து வேறு. போர் முடிந்ததும் இவ்வண்டிகள் உபரியென்று விற்கப்பட்டன. படையில் ஓட்டக் கற்றுத் திரும்பிய நம்மவர்கள் பலர் ஊரில் ஸ்டியரிங்கைப் பிடித்தனர். படை லாரி மர உடல் பூண்டு சரக்கு லாரியாயிற்று. சில பஸ்ஸாகவும் ஓடின. வெற்று அடிச்சட்டத்தை வாங்கி உடலைத் தாமே கட்டும் அந்தத் தொழில் பின்னர் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பெருகியது. இந்த இரண்டாம் பிறவியைச் சிற்றுருவாக்கியவர் மிகச் சிலரே. அசல் வண்டிகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றை ஓட்டியவர்களும் அநேகமாக மறைந்துவிட்டனர். வெளிமாநிலத்தில் இருக்கும் நேயர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் லாரியருகே நின்று எடுத்த படம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டுப் படமாக இருந்தால் அளவுகோலை எடுத்து அச்சுகளின் இடைவெளியை அளந்து குறித்துவையுங்கள்.

போர்க் கோலத்திலேயே கட்டுவோர் வண்டியின் அடிப்புறத்தையும் கவனிக்க. பின் அச்சின் நடுவே உருண்டு நிற்கும் பல்சக்கரப் பேழைக்கு வெள்ளை பூசி, அதன்மேல் மட்டும் ஒளி விழும்படி சிறு விளக்கொன்று அமைத்திருப்பார்கள். முன்விளக்கு எரியக்கூடாத இருட்டடிப்பு இரவுகளில், பின்னால் வரும் ஓட்டுநர் அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்தே வண்டியைச் செலுத்துவார்.